ஆயாம்மாவுக்குப் புரிந்த ஒரே சொல்

துறைமுகத்தை ஒட்டிய ஆஸ்பத்திரியில், கப்பல்காரர்கள் வார்டில் தரை துடைத்தே தலை நரைத்தவள் ஆயாம்மா. தமிழைத் தவிர வேறு மொழி வராது. ஆனால் ஒரு சொல் மட்டும் எந்த வாயிலிருந்து வந்தாலும் புரியும். வங்காளி 'ஜானாலா' என்பார், மலாய்க்காரர் 'ஜெண்டெலா' என்பார், சிங்களவர் 'ஜனேலய' என்பார். எல்லாம் நம் ஜன்னல்தான்.

"போர்ச்சுகீசியர் கப்பல்ல கொண்டுவந்து கரைக்குக் கரை இறக்கிட்டுப் போன சொல்லும்மா. அவங்களுக்கு லத்தீன்லேருந்து வந்தது. சின்னக் கதவுன்னு அர்த்தம்" என்று ஒரு டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

கேட்பவர்கள் எல்லாம் கடல் பார்க்கத்தான் கேட்பார்கள். சொல் காதில் விழுந்ததும் விரியத் திறந்துவிடுவாள்.

"பேசாம உங்களையே மொழிபெயர்ப்பாளரா போட்டுடலாம்" என்பாள் நர்ஸ்.

"போடுங்க சிஸ்டர். சம்பளத்தையும் சேர்த்துப் போடுங்க."

அப்போதுதான் ஒரு போர்ச்சுகீசியக் கிழவர் வந்து சேர்ந்தார். வாதத்தில் கைகால் விழுந்துவிட்டது. "ஜனெலா" என்று முனகினார். சொல்லுக்குச் சொந்தக்காரரே வந்துவிட்டாரே என்று ஆயாம்மா ஓடிப்போய்த் திறந்தாள். அவர் கண்ணில் நீர் வழிந்தது. சந்தோஷம் போல என்று துடைத்துவிட்டாள். மறுநாளும் கேட்டார். திரையையும் ஒதுக்கிக் கட்டினாள். அன்றும் அழுதார்.

அதற்கடுத்த நாள், அவர் கப்பலின் தமிழ்ச் சமையல்காரன் விடைபெற வந்தான். கிழவர் அவனிடம் ஏதோ குழறினார்.

"யாரும்மா இதைத் திறந்து வச்சது?"

"நான்தான் தம்பி. அவரே வாய்விட்டுக் கேட்டாரே."

"சாத்தச் சொல்லிக் கேட்டிருக்கார்மா. எதிர்ல நிக்குது பாருங்க, அதுதான் எங்க கப்பல். சாயங்காலம் இவரை விட்டுட்டுக் கிளம்புறோம். இனிமே ஏற முடியாதுன்னு அவருக்குத் தெரியும். அதைப் பார்க்க முடியலையாம்."

ஆயாம்மா ஜன்னலைச் சாத்தி, கொக்கி போட்டு, திரையை இழுத்துவிட்டாள். கிழவர் கண்களை மூடிக்கொண்டார்.

சாயங்காலம் கண்ணாடி அதிரக் கப்பல் ஊதியது. கிழவரின் முகம் கோணியது. காதைப் பொத்திக்கொள்ளக் கைதான் எழவில்லை. ஆயாம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். பினாயில் வாடை போகாத ஈரக் கைகளால் அவர் காதுகள் இரண்டையும் பொத்தினாள்.

கப்பல் ஊதி ஓய்ந்தது. அவள் கையை எடுக்கவில்லை.