அமராவதி அக்காவுக்கு ஒரு ஜோடி ஷூ

அமராவதி அக்காவைப் பற்றி மரக்காணத்தில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். உப்பள மேஸ்திரியே அவளிடம் ஒன்றுக்கு இரண்டு முறை யோசித்துவிட்டுத்தான் பேசுவார். எனக்கோ அவள் பெயரைக் கேட்டதும் அவளுடைய கால்கள்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தக் கால்களுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்குவதற்குள் நான் பட்ட பாடு அப்படி.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயது. பதினெட்டு வயதில் உப்பளத்தில் இறங்கியவள், இன்றுவரை கரையேறவில்லை. விடிவதற்கு முன் போனால் பதினொரு மணிக்குத் திரும்புவாள். கணவர் கலியபெருமாள் லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவர், சாது. வீட்டில் பேசவேண்டியதை எல்லாம் அக்காவே பேசிவிடுவதால் அவருக்கு வேலை குறைவு.

நான் மேரிசெல்வி, பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். ஆறு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை என்று சொல்லி டாக்டர் என்னைப் பயமுறுத்தினார். அந்தப் பயத்தில் இரண்டு பேட்மின்டன் மட்டை வாங்கினேன். எங்கள் தெருமுனையில் புயல் பாதுகாப்புக் கட்டடம் இருக்கிறது. வருஷத்தில் பத்து நாள் அது புயலுக்குச் சொந்தம், மற்ற நாளெல்லாம் சும்மாதான் கிடக்கும். அதன் கூடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டு, வலை கட்டி, துணைக்கு அக்காவை இழுத்துக்கொண்டு போனேன். முதல் வாரம் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாவது வாரத்திலிருந்து அவள் என்னை விரட்ட ஆரம்பித்தாள். சுடிதார், வெறுங்கால், தலையில் ஒரு கொண்டை. பந்து எந்த மூலையில் விழுந்தாலும் அதற்கு முன்னால் அங்கே அவள் நிற்பாள்.

இந்த வருஷம் மே மாதம் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. நாற்பது வயது தாண்டிய பெண்களுக்கு இரட்டையர் போட்டி, கடைசி ஞாயிற்றுக்கிழமை, திண்டிவனத்தில். நான் யாரையும் கேட்காமல் எங்கள் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் கீழே இருந்த வரியைப் படித்தேன். மரத் தரை என்பதால், தரையில் கறை பிடிக்காத பேட்மின்டன் ஷூ போட்டவர்களுக்கு மட்டுமே அனுமதி.

என்னிடம் ஷூ இருந்தது. அக்கா பிறந்ததிலிருந்து ஷூ போட்டதில்லை.

"ஷூ இல்லாங்காட்டி உள்ள உட மாட்டானுங்களா?"

"மாட்டாங்கக்கா."

"அப்போ வாங்கிட்டா போச்சு. அதுக்கு ஏன் மூஞ்ச தூக்கி வச்சிக்கினு இருக்கற?"

அடுத்த நாளே உப்பளத்திலிருந்து நேராகப் புதுச்சேரிக்குப் பஸ் ஏறிவிட்டாள். என்னைக் கூப்பிடவே இல்லை. அங்கேதான் தப்பு நடந்தது. ஆனால் அதை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உப்பளத்தில் இருபத்தாறு வருஷம் நின்றவள் ஷூவை எப்படிப் பார்ப்பாளோ அப்படித்தான் பார்த்திருக்கிறாள்.

உப்பளத்தில் சிலர் ரப்பர் பூட்ஸ் போடுவதுண்டு. அதற்கு மூன்று கணக்கு. அடி கனமாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் உப்புக்கல் குத்தும். ஒரு நம்பர் பெரிதாக இருக்கவேண்டும், உள்ளே துணி சுற்றிக்கொள்ள. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. போய்விட்டால் உப்பு உள்ளேயே உட்கார்ந்து அரைத்துவிடும், வெறுங்காலே தேவலை என்று ஆகிவிடும்.

கடைக்காரப் பெண் நல்ல பேட்மின்டன் ஷூவைத்தான் முதலில் எடுத்து வைத்திருக்கிறாள். அக்கா தன் பையிலிருந்த பாட்டிலைத் திறந்து, ஷூவின் மூக்கில் ஒரு மூடித் தண்ணீரை ஊற்றிப் பார்த்திருக்கிறாள். மேலே இருந்தது வலைத்துணி, தண்ணீர் பொசுக்கென்று உள்ளே இறங்கிவிட்டது. "இன்னாமா இது, சல்லடைய விக்கிற?" என்று அந்தப் பெண்ணிடம் சண்டை வேறு. கடைசியில் மலையேறுகிறவர்கள் போடுகிற மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். கனமான அடி, உயர்ந்த குதிகால், தண்ணீர் புகாத தோல், ஒரு நம்பர் பெரிது. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து காட்டியபோது அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன். அது என் தப்பு.

அன்று சாயங்காலம் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு கோட்டில் நின்றாள். மூன்றாவது பந்து பின் மூலைக்குப் போனது. வழக்கம்போலப் பாய்ந்தாள். ஷூ நின்றுவிட்டது, உள்ளே கால் மட்டும் நகர்ந்தது, கணுக்கால் மடங்கித் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். தரையில் கரியால் கிழித்ததுபோல ஒரு கோடு. கறை பிடிக்கக் கூடாது என்ற ஒரே ஒரு நிபந்தனையும் அத்தோடு போயிற்று.

எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மனசு விட்டுப்போய்விட்டது. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"இது ஷூ போடற காலே இல்லடி மேரி. நீ வேற ஆளப் பாரு."

"வேற யார்க்கா இருக்காங்க?"

"வைஜெயந்தி இருக்குதில்ல?"

வைஜெயந்தி தங்கமான பெண். வலை எங்கே இருக்கிறதோ அங்கே குறி தவறாமல் அடிப்பாள். அவளோடு போவதற்கு நான் திண்டிவனம் போய்க் கடைத்தெருவைச் சுற்றிவிட்டு வரலாம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆறு வருஷமாகத் தினமும் ஒன்றாக ஆடியது எதற்கு? ஒரு ஷூ சரியில்லை என்றால் காலையே குறை சொல்வதா? ஏதேதோ கத்தினேன். அவளும் கத்தினாள். இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாவது நாள் வியாழக்கிழமை. போட்டிக்கு இன்னும் இரண்டே நாள் மிச்சம். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் எனக்கு வேலை இல்லை. மிச்சமிருந்த சண்டையையும் போட்டுவிடலாம் என்று காலை எட்டு மணிக்கு நேராக உப்பளத்துக்கே போனேன்.

வரப்பில் நின்று பார்த்தால் பாத்தி பாத்தியாக வெள்ளைத் தண்ணீர், கண் கூசியது. அக்கா ஒரு பாத்திக்குள் நின்று நீளக் கொம்பு வைத்த பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். அவள் நடக்கிற விதத்தை அன்றைக்குத்தான் கவனித்தேன். காலைத் தூக்கவே இல்லை என்று தோன்றியது. பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படிந்தது. பக்கவாட்டில் போனாலும் பின்னால் வந்தாலும் அதே மாதிரிதான். அடியில் இருக்கும் சேறு கலங்கவே இல்லை.

"அக்கா, நீ குதிகால மொதல்ல ஊணவே மாட்டியா?"

திரும்பிப் பார்த்தாள். கோபத்தை மறந்துவிட்டுப் பதில் சொன்னாள்.

"ஊணுனா பாத்தியில பள்ளம் உழும்டி. சேறு மேல வந்து உப்பு கெட்டுப்பூடும். வேலைக்கு வந்த மொத மாசம் அதுக்குத்தான் டெய்லி திட்டு வாங்குனேன்."

எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. கூடத்தில் அவள் பறந்து பறந்து ஆடியதெல்லாம் இந்த நடையால்தான். அப்படி நடக்கிற காலைக் கொண்டுபோய்க் கட்டைவிரல் உயரக் குதிகால் வைத்த ஷூவுக்குள் போட்டால், மேட்டில் நின்று ஆடுகிற மாதிரிதானே இருக்கும்? விழாமல் என்ன செய்வாள்?

"கால்ல ஒரு கொறையும் இல்ல. நீ ஷூவ பூட்ஸ் பாக்கற மாதிரி பாத்துட்ட. அவ்ளோதான்," என்றேன். முறைத்தாள், ஆனால் மறுத்துப் பேசவில்லை. அமராவதி அக்கா பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டாள் என்று பொருள்.

வேலை முடிந்து கொட்டகைக்கு வந்தாள். ஈரக் காலோடு சிமெண்டுத் தரையில் நடந்த தடம் வெயிலில் காய்ந்து வெள்ளையாகப் பூத்திருந்தது. குனிந்து பார்த்தேன். முன்பக்கம் விசிறிபோல விரிந்து, விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நின்றன. வலது கால் இடதைவிட அரை விரற்கடை நீளம். ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதன் மேல் அவளை நிற்க வைத்து, இரண்டு காலையும் பேனாவால் சுற்றி வரைந்து வெட்டி எடுத்துக்கொண்டேன். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அன்று சாயங்காலமே கோட்டக்குப்பம் போனோம். அங்கே ஒரு பாய் சின்னதாக விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். பதினைந்து வருஷம் ஷார்ஜாவில் இருந்தவர், அங்கே வேலை முடிந்ததும் தினமும் பேட்மின்டன் ஆடியவர். அக்கா நடந்த கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள், தண்ணீர் ஊற்றியது உட்பட. பாய் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

"கோர்ட்டுக்குள்ள மழை இல்லம்மா, வேர்வைதான். தண்ணி உள்ள போற வழிதான் வேர்வை வெளிய வர்ற வழி. சாயங்காலமா வந்தீங்க பாருங்க, அது ரொம்ப நல்லது. நாள் பூரா நின்ன கால் கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும். அதுக்கு அளவு எடுத்தா ஆடும்போது பிடிக்காது."

ஷூவை எடுத்ததும் மாட்டச் சொல்லவில்லை. உள்ளே இருந்த மெத்தையை உருவி எடுத்து, அதன்மேல் என் அட்டையை வைத்தார். முதல் ஜோடியில் அட்டை இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு நின்றது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் அகலம் சரி, நீளம் படகு மாதிரி. நான்காவதைப் பார்த்ததும் அக்காவே "வேணாங்க" என்றாள். அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடையில் ஷூ தீர்ந்துகொண்டிருந்தது.

பாய் உள்ளே போய் மேல் தட்டிலிருந்து தூசி தட்டி ஒரு பெட்டியை எடுத்துவந்தார். ஆண்களுக்கானது, அகலப் பாதத்துக்கென்றே செய்தது. மெல்லிய ரப்பர் அடி, குதிகாலும் முன்பக்கமும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். அட்டை மெத்தைமேல் அச்சாகப் பொருந்தியது, விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருந்தது. நிறம்தான் கிளிப்பச்சை, நடுவில் ஆரஞ்சுப் பட்டை.

"பொம்பள போடற கலராங்க இது?"

"கால்ல போட்டதுக்கு அப்புறம் நீங்க பாக்கப் போறதில்லம்மா. எதிர்ல ஆடறவங்கதான் பாக்கணும். வலது காலுதான் பெருசு, அதுக்குச் சரியா இருக்குதா, அத மட்டும் சொல்லுங்க."

காலுறை போட்டு மாட்டிக்கொண்டாள். எழுந்து நின்றாள். நடந்தாள். பிறகு எங்கள் இரண்டு பேரையும் மறந்துவிட்டு, கடையின் நீளத்துக்குப் பக்கவாட்டில் போனாள், வந்தாள், பின்னால் போனாள். இறகுப் பந்து டப்பாக்கள் அடுக்கியிருந்த ஸ்டாண்டு சரிந்தது. பாய் டப்பாக்களைப் பொறுக்கிக்கொண்டே, "இந்த நடைய எங்கம்மா கத்துக்கினீங்க?" என்று கேட்டார். "உப்புல" என்றாள் அக்கா. புதுச்சேரியில் வாங்கிய அந்த மலையேறுகிற ஷூவைக் கலியபெருமாள் அண்ணன் எடுத்துக்கொண்டார். அவருக்கு அது கனகச்சிதமாகப் பொருந்தியது, லாரியடிச் சேற்றில் தண்ணீர் புகவில்லை என்று இன்றுவரை புகழ்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை திண்டிவனம். வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர் ஒவ்வொருவர் ஷூவையும் திருப்பி அடியைப் பார்த்தார். அக்காவுடையதை வாங்கி, விரலால் தேய்த்து, வளைத்துப் பார்த்தார். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள், எனக்கு நகம் பதிந்துவிட்டது. "போங்கம்மா" என்று திருப்பிக் கொடுத்தார்.

முதல் ஆட்டம் விழுப்புரத்து டீச்சர்கள் இரண்டு பேரோடு. மூன்று செட் போனது. கடைசி செட்டில் அவர்கள் வலையோரத்தில் மெதுவாகத் தட்டிவிட்ட பந்துகளையெல்லாம் அக்கா எடுத்தாள். இருபத்தொன்று, பதினேழு. ஜெயித்ததும் நான் குதித்தேன். அவளோ டீச்சர்களிடம் போய், "அடி ஒண்ணும் படலியே?" என்று விசாரித்தாள். இரண்டாவது ஆட்டம் சென்னையிலிருந்து வந்த இரண்டு பேரோடு. அந்த ஆட்டத்தில் எங்களுக்குப் பங்கு அதிகமில்லை. இருபது நிமிஷத்தில் கைகொடுத்துவிட்டு வெளியே வந்தோம்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்குத் தோற்றதில் வருத்தம் இல்லை. காலையிலிருந்து ஐந்து செட், என் வயதுக்கு அதுவே அதிகம். அக்கா ஷூவையும் காலுறையையும் கழற்றி, பாதங்களை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். சுளுக்கிக்கொண்டதோ என்று எனக்குப் பயம் வந்தது.

"இன்னாக்கா, வலிக்குதா?"

"எரியலடி."

"இன்னா?"

"காலு எரியல. வேலை செஞ்சுட்டு உக்காந்தா காலு எரியும்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். எல்லாருக்கும் அப்படித்தான்னு."

இருபத்தாறு வருஷம். உப்பும் வெடிப்பும் சேர்ந்து தினமும் எரிந்த கால். அந்தக் காலோடுதான் ஆறு வருஷமாக என்னோடு வந்து ஆடியிருக்கிறாள், ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கத் துடைக்க நிற்கவில்லை.

அக்கா என் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"ஏண்டி, தோத்துட்டோம்னா அழுவுற?"

"ஆமாக்கா," என்றேன்.

"லூசு," என்று சொல்லிவிட்டு, காலை இன்னும் கொஞ்சம் நீட்டி வைத்துக்கொண்டாள்.