எங்கே போச்சு என்று கேட்டவர்

கம்பைநல்லூர் பக்கம் ஒரு காட்டில் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டு, அது இறங்குவதை அளவுக் குச்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆபீஸ் டிரைவர். "சார், மரகதம் மேடம் போயிட்டாங்க சார். காத்தால நெஞ்சு வலின்னாங்களாம்." மறுபடி குச்சியைப் பார்த்தபோது குழி காலியாக இருந்தது. எத்தனை நிமிடத்தில் இறங்கியது என்று தெரியவில்லை. அன்றைய சோதனை வீண்.

பென்னாகரம் பக்கம் வீடு கட்டிய பலருக்கும் மரகதத்தைத் தெரியும். செப்டிக் டேங்கையும் உறிஞ்சுகுழியையும் அந்த மண் தாங்குமா, பக்கத்துக் கிணறு கெடாமல் இருக்குமா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. அவர் நிலவியல் படித்தவர், நான் சிவில். பதினோரு வருடம் ஒரே ஜீப். எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பு வாங்கிக் குடிப்பார். "லேப் ரிசல்ட் வர்றதுக்குள்ள உங்களுக்குப் பேதி வந்துடும் மேடம்" என்று கிண்டல் செய்வேன். "அவங்க தெனமும் குடிக்கிறாங்க சார். நமக்கு மட்டும் என்ன, தங்கத்துலயா கொடலு?" என்பார்.

ஒரு ஊரின் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. ஒகேனக்கல் ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். நல்ல கோடையில் போனோம். மேலே அரையடி செம்மண், கீழே பாறை. ஊற்றிய தண்ணீர் மடமடவென்று இறங்கியது. எனக்கு ஒரே குஷி. மற்ற இடங்களில் மணிக்கணக்காகத் தேங்கி உயிரை வாங்கும். மரகதம் குந்தி உட்கார்ந்து குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொறஞ்சுதுன்னு சந்தோசப்படாதீங்க சார். எங்க போச்சுன்னு கேளுங்க." பாறையில் வெடிப்பு இருக்கலாம், சரிவில் பக்கத்து வீட்டுப் பொன்னம்மாவின் கிணறு இருக்கிறது, மழைக்குப் பிறகு இன்னொரு தடவை பார்ப்போம் என்றார்.

வீடு கட்டுகிறவர் ஆவணியில் கிரகப்பிரவேசம் வைத்திருந்தார். என் காலில் விழாத குறை. எனக்கும் பொறுமை என்பது கிடையாது. மரகதம் ஒரு வாரம் லீவில் போனபோது, "ஏற்ற இடம்" என்று எழுதி நான் மட்டும் கையெழுத்துப் போட்டேன்.

ஐப்பசி மழையில் பொன்னம்மாவின் கிணறு நாறியது. அவர் மகள் வயிற்றுப்போக்கில் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். நாங்கள் போனபோது, "எவன் பாத்துச் சொன்னான் நல்ல எடம்னு?" என்று பொன்னம்மா கத்தினார். நான் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். "நாங்கதாங்க பாத்தோம். தப்பு எங்களோடதுங்க" என்றார் மரகதம்.

திரும்பும் வழியெல்லாம் திட்டுவார் என்று காத்திருந்தேன். பாவி மனுஷி, நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம். அந்தக் குழியை மூடி வேறு இடத்துக்கு மாற்றும்வரை நடையாய் நடந்தவரும் அவர்தான்.

சாவு வீட்டில் பொன்னம்மாவைப் பார்த்தேன். அழுது முகம் வீங்கியிருந்தது. "வருசா வருசம் மழ விட்டதும் அந்தம்மா வருவாங்க. கெணத்துல ஒரு சொம்பு மொண்டு குடிச்சிட்டு, 'இப்ப நல்லாருக்குங்க'ன்னு சொல்லிட்டுப் போவாங்க. ஒங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார்.

ஒரே ஜீப்பில் போய்வந்தவனுக்குத் தெரியாது. "அந்தக் கையெழுத்து என்னோடதுங்க. மேடம் வேண்டாம்னுதான் சொன்னாங்க" என்றேன். பொன்னம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்டவில்லை. "இந்த வருசம் யார் வந்து குடிப்பாங்க?" என்று மட்டும் கேட்டார்.

மரகதத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது 'எங்க போச்சு' என்ற ஒரு கேள்விதான். இப்போதெல்லாம் எந்தக் குழியில் தண்ணீர் இறங்கினாலும் பக்கத்தில் அவர் குந்தியிருப்பது போலவே இருக்கிறது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. மழை விட்டதும் அந்த ஊருக்குப் போவேன். பொன்னம்மாவிடம் சொம்பு கேட்பேன்.