டில்லியிலிருந்து இரண்டரை மணி நேரம்

1982ஆம் ஆண்டு, ஐப்பசி மாதம். எனக்கு டில்லியில் குமாஸ்தா வேலை. மனைவிக்கு ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டில் நர்ஸ் வேலை. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் நாங்கள் சேர்ந்திருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அவளுக்கு எட்டாம் மாதம். அடுத்த வாரம் நான் விடுப்பில் வந்து, திருப்பத்தூரில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விடுவதாக இருந்தேன். அதற்குள் தந்தி வந்துவிட்டது. வலி கண்டுவிட்டது, நிலைமை சரியில்லை, உடனே வரவும்.

ரயில் என்றால் இரண்டு நாள். மேலதிகாரி யாரையோ பிடித்து மறுநாள் காலை விமானத்தில் இடம் வாங்கிக் கொடுத்தார். முதல் விமானப் பயணம். ஜன்னலோரம் உட்கார்ந்தும் வெளியே பார்த்த ஞாபகமில்லை. இரண்டரை மணி நேரத்தில் மெட்ராஸ். அங்கிருந்து பஸ் பிடித்து மதியம் இரண்டரைக்குத் திருப்பத்தூர். அந்த வேகத்தில் மலையையும் ஏறிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

அங்கே மாறி ஏறிய மலை பஸ் பாதி தூரம் போனதும், பாதையில் மண் சரிந்து கிடந்தது. வண்டி இதற்கு மேல் போகாது என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். முன் சீட்டிலிருந்த மலைக்காரத் தம்பதி ஆளுக்கொரு மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கினார்கள். ஆபீஸ் ஷூவும் சூட்கேசுமாக நானும் பின்னாலேயே போனேன். இரண்டு முறை வழுக்கி விழுந்தேன்.

அந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். "எங்கேர்ந்து சார் வர்றீங்க?"

"டில்லியிலேர்ந்து."

"அது இன்னா தூரம்?"

"பிளேன்ல ரெண்டரை மணி நேரம்."

"அப்போ கிட்டத்தான் இருக்குது. எங்க வூட்டுக்கு இன்னும் மூணு மணி நேரம் நடக்கணும்." கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

எங்கே போகிறேன் என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் புருஷனைப் பார்த்தார். இருவரும் மூட்டைகளை ஒரு பாறை இடுக்கில் வைத்து, மேலே தேக்கிலைகளைப் போட்டு மூடினார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மூட்டையில் என்ன என்று கேட்டேன்.

"உப்புதான் சார். கெடக்கட்டும், வாங்க."

அந்த அம்மாள் என் சூட்கேசைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். ஓடை இடுப்பளவு ஓடியது. புருஷன் என் கையை இறுகப் பற்றி அக்கரை சேர்த்தார்.

பொழுது சாயும் நேரத்தில் என் மனைவி குடியிருந்த வீட்டை அடைந்தோம். வாசலிலேயே குழந்தை அழும் சத்தம் கேட்டது. பெண் குழந்தை. மனைவி வெளிறிப்போய்ப் படுத்திருந்தாள், ஆனால் கண் திறந்திருந்தது. ஊர்ப் பெண்கள் ஒரு பகலும் ஒரு இரவும் கூடவே இருந்து காப்பாற்றியிருக்கிறார்கள்.

"இவ்ளோ சீக்கிரம் எப்படி வந்தீங்க?" என்று கேட்டாள்.

"பிளேன்ல வந்தேன்" என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பினால், சூட்கேஸ் மட்டும் வாசலில் இருந்தது. அவர்களைக் காணோம். அவர்களுடைய ஊர் மலையின் எதிர்ப்பக்கம் என்று மறுநாள்தான் தெரிந்தது. பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு எத்தனையோ முறை விமானத்தில் பறந்துவிட்டேன். ஆனாலும் அன்று மனைவி கேட்ட கேள்விக்கு நான் தவறான பதில் சொல்லிவிட்டேன் என்ற உறுத்தல் இன்னும் போகவில்லை.