நகம் தட்டிய இடம்

தோட்டாத் தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்றுதான் பெயர். யாராவது அப்படிக் கூப்பிட்டால் ஒரு முறை முறைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். ஒரே தடவையில் செய்த தோட்டாக்களின் தொகுதிக்கு லாட் என்று பெயர். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் இருபது தோட்டாக்களை, தாங்கியில் இறுக்கிய துப்பாக்கியில் சுட்டுப் பார்ப்பார்கள். வேகத்தைக் கருவி சொல்லிவிடும். வெளியே விழும் பித்தளைக் கூடு விரிசல் விட்டிருக்கிறதா என்று சொல்லத்தான் அவள் வேண்டும். விளக்கடியில் உருட்டிப் பார்த்து, சந்தேகம் வந்தால் கட்டைவிரல் நகத்தை ஓட்டுவாள். தட்டினால் விரிசல், வழுக்கினால் கீறல். அதற்காகவே வளர்த்த நகம் பாத்திரம் தேய்க்கையில் ஒடிந்துவிட்டால் அந்த வாரம் முழுக்க உர்ரென்று இருப்பாள்.

அம்மா போனபின் அவள் தூக்கி வளர்த்த தம்பி எல்லையில் சிப்பாய். சண்டை மூண்டபோது போனில் பேசினான். முகாமில் தோட்டாவுக்குத் தட்டுப்பாடு, எண்ணி எண்ணித்தான் சுடுகிறோம் என்றான். "சீக்கிரம் அனுப்பச் சொல்லுக்கா," என்று சிரித்தான்.

அந்த வாரத்து லாட்டில் ஒரு கூடு விரிசல் விட்டிருந்தது. ஒன்று வரை பொறுப்பார்கள். இரண்டானால் லாட் மொத்தமும் நிற்கும். பதினேழாவது கூட்டின் அடிப்பக்கம் மயிரிழை போல ஒரு கோடு. நகத்தை ஓட்டினாள். தட்டியது. மறுபடி ஓட்டினாள், தட்டத்தான் செய்தது.

தர அதிகாரியும் ஓட்டிப் பார்த்துவிட்டு வெறும் கீறல் என்றார். லாரி வாசலில் நிற்கிறது, அங்கே பிள்ளைகள் வெறுங்கையோடு இருக்கிறார்கள், உங்கள் தம்பியும்தானே என்றார். ஒட்ட வெட்டிய நகம் அவருக்கு.

"பின்பக்கமா வெடிச்சு எவன் முகத்துலயாவது அடிச்சா, சார்?"

படிவத்தில் இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். லாரி காலியாகப் போயிற்று.

மாற்று லாட் தேறிப் போய்ச்சேரப் பதினோரு நாள் பிடித்தது. ஒன்பதாம் நாளே தம்பியின் முகாம் விழுந்துவிட்டது. கடைசித் தோட்டா வரை சுட்டார்கள் என்று பாராட்டி ராணுவத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்த வரியைத் தாண்டி அவளால் படிக்க முடியவில்லை. பாவி, கடிதத்தை மடிக்கக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

துக்கம் கேட்க வந்த அதிகாரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "அந்த லாட்ல இன்னும் நூறு சுட்டுப் பாத்தோம்மா. பன்னெண்டு விரிசல். நீங்க செஞ்சதுதான் சரி."

"தெரியும், சார். தப்புன்னு இருந்தா அழுதாவது தீத்திருப்பேன்," என்றாள்.

பிறகு, திங்கட்கிழமை எத்தனை லாட் வருகிறது என்று கேட்டாள்.