சீல் உடையாத நூறு ஆட்டங்கள்

கல்யாணமாகிப் பதினான்கு வருடங்களில் அந்த லிஃப்ட் மெக்கானிக்கிடம் அவர் மனைவி வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வைரத் தோடு அல்ல. தையல் மெஷின் போடப் படுக்கையறையில் ஒரு மூலை.

"அடுப்படியில தச்சா துணியெல்லாம் தாளிச்ச வாசனை அடிக்குதுன்னு திருப்பிக் கொண்டுவர்றாங்க. ஒரே ஒரு மூலைங்க."

"மெஷின் அதிர்ந்தா சீல் விட்டுப்போயிடும். விளையாடுறியா நீ?"

விளையாடியது அவளல்ல. அவரும் அல்ல என்பதுதான் கொடுமை! அறை முழுக்கக் கூரைவரை அடுக்கியிருந்தவை பழைய வீடியோ கேம் தொகுப்புகள். ஒரே சிடியில் ஐம்பது ஆட்டம், நூறு ஆட்டம். எதையும் அவர் ஆடியதில்லை. சீல் வைத்த மேலுறை கிழிந்தால் விலை பாதி. அதனால் அவருக்குச் 'சீல்காரர்' என்று பட்டப்பெயர். சேகரிப்பவர்களின் குரூப்பில் ஒரு சட்டம் இருந்தது: ஒரு தொகுப்பு கடைசியாக என்ன விலைக்குப் போனதோ, அதுவே எல்லாப் பிரதிக்கும் விலை. அவரிடம் 'நூறு ஆட்டங்கள்' மட்டும் ஆறு பிரதி.

அன்று கலங்கிய கண்களைத் துடைத்துக்கொண்டு, பின்வரிசையிலிருந்து அதில் ஒன்றை உருவினாள் அவள். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் கொடுத்தாள். அவன் நாலு கோணத்தில் படமெடுத்து, யாருக்கும் தெரியாத ஒரு பெயரில் குரூப்பில் போட்டான்.

"அடப்பாவி, அடிமாட்டு விலைக்குப் போட்டிருக்கானே! இது போனா என் ஆறும் போச்சே!" சீல்காரருக்கு நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தது. விலையைக் காப்பாற்ற, கேட்டதற்கு இருமடங்கு கொடுத்து, வேறொரு பெயரில் தாமே வாங்கினார்.

பார்சல் வந்தது. பிரித்தாரா? பிரிப்பாரா! பிரிக்காத பார்சலுக்கு மதிப்பு இன்னும் கூடுதல். அப்படியே பின்வரிசையில் வைத்தார்.

பத்தாம் நாள் அவள் அதையே எடுத்துக்கொண்டு அண்ணன் கடைக்குப் போனாள்.

ஆறே மாதத்தில் அவளுக்கு அடுத்த தெருவில் சொந்தமாகத் தையல் கடை. திறந்த அன்று சந்தோஷத்தில் அண்ணன் உளறிவிட்டான்.

"மாப்ள, கடை அட்வான்ஸே உங்க காசுதான். ஒம்பது தடவையும் ஒரே பார்சலைத்தான் வாங்கினீங்க. நான் அட்ரஸ் சீட்டை மட்டும்தான் மாத்தி ஒட்டினேன்."

அவள் கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"திட்டுங்க. அடிக்காத குறையா திட்டுங்க. ஆனா இந்த இடத்தை மட்டும் விட்டுக்குடுக்கச் சொல்லாதீங்க."

அவர் முகம் சிவந்தது, வெளிறியது, கண்கள் குளமாயின. பாய்ந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினார்.

"மெதுவா பேசித் தொலைங்க ரெண்டு பேரும்! ஒம்பது தடவையும் வாங்கினது நான்தான்னு குரூப்புக்குத் தெரிஞ்சா விலை என்னத்துக்கு ஆகும்?"

"அப்போ கடை?"

"கடை இருக்கட்டும். சீல்?"

"நகம்கூடப் படலைங்க."

நீண்ட பெருமூச்சுடன் ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு மனைவியின் கையை மெல்லப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த தடவை சம்பளம் வந்தப்புறம் குரூப்புல போடச் சொல்லு. போன மாசம் கடன் வாங்கித்தான் வாங்கினேன்."