வேப்பங்கிளையில் ஒரு கவுன்

அணுபுரம் குடியிருப்பில் எனக்குக் கொக்கி ஊசியால் குரோஷா பின்னத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். டி.வி. மேல், ஃபிரிட்ஜ் மேல், டெலிபோன் மேல் என்று எங்கள் வீடு முழுக்க என் கைவேலைதான். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு தை மாதம், அடுத்த பிளாக் தோழி வந்து பழைய பின்னல்கள் இருந்தால் கொடு என்றாள். மாமல்லபுரத்தில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், மீனவர் தெரு ஒன்றில் மரம், கரண்டு கம்பம், அடிபம்பு எல்லாவற்றுக்கும் உல்லன் பின்னல் போர்த்தப் போகிறாளாம், அதுவும் ஒரு கலையாம். எனக்குச் சிரிப்பாக இருந்தது. இருந்தாலும் ஒரு பை நிறைய எடுத்துவைத்தேன். தோழி வாங்க வந்தபோது நான் வீட்டில் இல்லை. கணவர்தான் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தெருவைப் பார்க்கப் போனேன். கம்பங்கள் கோடு போட்ட காலுறை மாட்டிக்கொண்டு நின்றன. ஓர் ஆடு அடிபம்பின் சிவப்பு உறையை மென்றுகொண்டிருந்தது. தெருமுனை வேப்பமரத்தின் அடிமரத்தில் என் பச்சை டீப்பாய் விரிப்பைச் சுற்றியிருந்தார்கள். அடையாளம் கண்ட சந்தோஷத்தில் நிமிர்ந்தேன்.

தாழ்ந்த கிளையில் ஒரு சின்ன வெள்ளைக் கவுன் தொங்கியது. கழுத்தில் ரோஜா நிற விளிம்பு.

அது என் மகளுக்காக நான் பின்னியது. ஏழாம் மாதத்தில், உயிரில்லாமல் பிறந்தவள். கவுனைத் துணிப்பையில் போட்டுப் புடவைகளுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அப்படி ஒன்று இருப்பதே கணவருக்குத் தெரியாது. அலமாரியில் இருந்த இரண்டு பைகளையும் கொடுத்துவிட்டிருக்கிறார்.

கிட்டே போய்ப் பார்த்தேன். கவுனில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருந்தார்கள். சுற்றிலும் துணியில் கட்டிய குட்டித் தொட்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கல். பிள்ளை வரம் கேட்டுக் கட்டியவை.

எட்டிப் பிடித்து இழுத்தேன்.

"இன்னாம்மா பண்ற? அத்த தொடாத!" மீன் கூடையோடு வந்த ஓர் அம்மா கத்தினாள்.

"யார் இதுக்கு மஞ்சள் பூசினது?"

"நாங்கதான். அந்த வெள்ளக்காரம்மா ஏதேதோ சுத்திகினு இருந்துச்சி. மறுநா பாத்தா வேம்புல புள்ள கவுனு தொங்கிகினு கீது. அம்மனே குடுத்த மாரி இருந்துச்சி. பொம்பளைங்க தொட்டில் கட்ட ஆரம்பிச்சிட்டாங்க."

"இது என் பொண்ணோடது."

"பொண்ணு எங்க கீது?"

"இல்லம்மா. பொறக்கும்போதே போயிட்டா."

அவள் கூடையைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். "அய்யோ, என் தாயே! இது தெரியாம..." என்றாள். முடிச்சை அவளே அவிழ்த்து, கவுனைத் தன் முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தாள். மஞ்சள் போகவில்லை.

"நீ தப்பா நெனச்சிக்காத. நாங்க நல்லதுக்குத்தான் வெச்சோம்," என்றாள். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, ஊர் வந்தும் இறங்கத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் சத்தம் போட்ட பிறகுதான் எழுந்தேன்.

வீட்டில் கணவர் கவுனைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பொண்ணுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க. கவுன்தான் பின்னணும்னு தோணுச்சு."

அந்தக் குழந்தையைப் பற்றி நாங்கள் பேசியது அதுதான் முதல் தடவை. அன்று மதியம் சமைக்கவில்லை.

மறுவாரம் மஞ்சள் நூலில் புதிதாக ஒரு கவுன் பின்னி எடுத்துப்போனேன். கணவரும் கூட வந்தார். மீன்கார அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக் கிளையில் கட்டினாள். அந்த வருஷம் ஐப்பசி மழையில் தெருப் பின்னல்கள் ஊறிப் பூஞ்சை பிடிக்க, பஞ்சாயத்து ஆட்கள் வந்து எல்லாவற்றையும் அறுத்து எடுத்தார்களாம். வேம்பின் பக்கம் மட்டும் தொட்டில் கட்டிய பெண்கள் அவர்களை விடவில்லை என்று தோழி சொன்னாள்.