பாக்கியநாதன் எடுத்துப் போட்ட கோடித்துணி

ஒண்டிக்கடையில் மளிகையும் துணியும் விற்ற பாக்கியநாதனின் ஞாபகசக்தியை ஏற்காடே மெச்சியது. எனக்கு அந்த ஆளைக் கண்டாலே எரிச்சல். யார் எதை வாங்கினார்கள் என்பது மட்டும்தான் அவர் மண்டையில் நிற்கும். எதற்காக வாங்கினார்கள் என்பது ஏறவே ஏறாது.

எழுபத்தெட்டில் ஒரு தடவை அவரிடம் எலி மருந்து வாங்கினேன். எலிகள் ஒழிந்தன, அவர் ஒழியவில்லை. என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களை பஸ்ஸிலிருந்து இறக்கி அழைத்துப் போகிறேன், கடையிலிருந்தே குரல் கொடுக்கிறார்.

"ஏனுங்க, எலி மருந்து புதுசா வந்திருக்குதுங்க. நொம்ப வேகமாக் கேக்குமுங்க."

வந்தவர்கள் எங்கள் வீட்டுக் காப்பியைத் தொடவே இல்லை.

தலைச்சோலைக் குப்பாயி, இறந்துபோன புருஷன்மேல் போர்த்த அவரிடம்தான் கோடித்துணி எடுத்தாள். அடுத்த மாதம் உப்பு வாங்க வந்தபோது நானும் கடையில் நின்றிருந்தேன். உப்பை நிறுக்கும் முன்பே பாக்கியநாதன் துணிக்கட்டைப் பிரித்தார்.

"போன தடவை எடுத்தீங்களே அம்மிணி, அதே மாதிரி கோடி வந்திருக்குதுங்க. ஒண்ணு எடுத்து வெக்கட்டுங்களா?"

குப்பாயி துணியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"எடுத்து வெய்யிங்க. உங்க ஊட்டுக்கு ஆகுமுங்க."